மேற்படி பேட்டரி வண்டி குறித்து

ஏரல்,
தாது வருஷம், மாசி பிறந்த மறுநாள்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் விஜயஸ்ரீயின் கணவரும், வயதானவர்களுக்கென்று மூன்று சக்கரப் பேட்டரி வண்டியைத் தம் சொந்தக் கையால் செய்தவரும், அதில் முதல் வண்டியை எனக்கே அனுப்பிவைத்து எங்கள் தெருவின் அந்தஸ்தை உயர்த்தியவருமான மாப்பிள்ளை குமரவேல் அவர்களுக்கு, மாமனார் தாணுமாலையன் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் உங்கள் அத்தை சொர்ணாம்பாளும் நலம். எங்கள் இருவருக்கும் சேர்த்து உள்ள நான்கு முழங்கால்களில் இரண்டு நலம். மற்ற இரண்டும் என்னுடையவை. அவ்விடம் தாங்களும் விஜயஸ்ரீயும் பட்டறையும் செழிக்க நெல்லையப்பர் துணை நிற்பாராக.

தங்கள் கடிதம் கிடைத்தது. "மாமா, வண்டியைப் பற்றி எதையும் மறைக்காமல் எழுதுங்கள். குலசேகரன்பட்டினத்தில் முதியோர் இல்லம் நடத்தும் ஞானசௌந்தரி அம்மாள் வண்டியைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் வாங்கினால்தான் பட்டறையைத் தொடர்ந்து நடத்த முடியும். இல்லாவிட்டால் பழைய மில் வேலைக்கே திரும்பிவிடுவேன்" என்று எழுதியிருந்தீர்கள். நான் தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளதை உள்ளபடி எழுதுவது என் தொழில். ஆனால் மாப்பிள்ளையிடம் குறை சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் குறை எதுவும் இருக்காது. நடந்தது மட்டும் இருக்கும்.

தீபாவளி கழிந்து வண்டி லாரியில் வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. அதற்கு முன் இரண்டு வருஷமாக என் உலகம் கட்டிலுக்கும் ஈஸிசேருக்கும் இடைப்பட்டதாக இருந்தது. அப்படிப்பட்டவன் பச்சை வண்ணம் பூசிய வண்டியில், முன் இருக்கையில் நான், பின் இருக்கையில் உங்கள் அத்தை என்று உட்கார்ந்து, ஒரு பொத்தானை அழுத்தி, புகையும் சத்தமும் இல்லாமல் புறப்பட்டபோது எதிர்வீட்டுக் கோமு கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். பாத்திரக் கடை அசன் மைதீன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஒருவரையும் லேசில் மெச்சாதவர். வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன வே, பெட்ரோல் எங்கன ஊத்தணும்?" என்று கேட்டார்.

"பெட்ரோலே கெடையாது வே. கரண்ட். என் மாப்பிள்ளை செஞ்சது."

"கரண்டா? நம்ம ஊர்லயா?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பை அன்றைக்கு நான் பொறாமை என்றே எடுத்துக்கொண்டேன்.

வண்டி முதல் தரமானது. அதற்கு வாய்த்த கரண்ட்தான் மூன்றாம் தரம். இங்கே விளக்கு வைத்த பிறகு பல்ப் பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு நிறம் காட்டும், அது எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். அந்த நேரத்தில் சார்ஜரை மாட்டினால் அது கச்சேரிக்குச் சுருதி சேர்ப்பதுபோல் முனகுமே தவிர பேட்டரிக்குள் ஒன்றும் இறங்குவதில்லை. பகலில் மாட்டலாம் என்றால், நம் வீட்டில் மூன்று பின் பிளக் ஒன்றே ஒன்றுதான், அது அடுக்களையில் கிரைண்டருக்கென்று போட்டது. தினமும் காலையில் உங்கள் அத்தை என் முன்னால் வந்து நின்று, "இன்னைக்கு வண்டியா, மாவா? ஒண்ணச் சொல்லுங்க" என்று கேட்பாள். வண்டி என்று சொன்ன நாட்களில் உப்புமா சாப்பிட்டேன். இட்லி சாப்பிட்ட நாட்களில் வீட்டிலேயே இருந்தேன். இதைக் குறையாக எழுதவில்லை. மனிதனுக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்பது பெரியவர்கள் சொன்னதுதானே.

ஹாரனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கம்பீரமான ஹாரன். அதை அழுத்தினால் பேட்டரியில் இருக்கும் சக்தி முழுவதும் பக்தியோடு அதற்கே போய்விடுகிறது, வண்டி நின்றுவிடுகிறது. கையை எடுத்தால் நகர்கிறது. எதிரே எருமை வந்தால் சத்தம் போடுவதா, விலகிப் போவதா என்று நான் முடிவு செய்வதற்குள் பெரும்பாலும் எருமையே முடிவு செய்துவிடும். இப்போது நான் ஹாரனைத் தொடுவதில்லை. "ஏலே வெலகு, வண்டி வருது" என்று வாயாலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். ஊரில் எல்லோருக்கும் என் குரல் பழகிவிட்டது.

அடுத்தது தண்ணீர் விவகாரம். இதில் குற்றம் தங்களுடையதும் இல்லை, உங்கள் அத்தையுடையதும் இல்லை, தமிழ் மொழியினுடையது. வண்டியோடு வந்த குறிப்பில் "பேட்டரியில் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றவும்" என்று அழகான தமிழில் எழுதியிருந்தீர்கள். அத்தை ஆற்றில் இருந்து ஒரு குடம் கொண்டுவரச் சொல்லி, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, புது மல் துணியில் இரண்டு தடவை வடித்து, மாப்பிள்ளை செய்த பொருளுக்கு வெறும் வெந்நீரை எப்படி ஊற்றுவது என்று ஒரு சிட்டிகை சீரகமும் போட்டு, ஆறவைத்து ஊற்றிவிட்டாள். நானும் பக்கத்தில் நின்று புனல் பிடித்தேன். நான்காம் நாள் வண்டி அசையவில்லை. பேட்டரி கடைக்காரர் வந்து மூடியைத் திறந்து பார்த்து, மோந்தும் பார்த்து, "அண்ணாச்சி, இதுல ரசம் வச்சியளா?" என்று கேட்டார். கடையில் பாட்டிலில் அடைத்து விற்கும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டுமாம். நான் விடவில்லை. பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் விழுந்து, இத்தனை ஊருக்குச் சோறு போட்டு, இருக்கிறவனுக்குக் குடிதண்ணீராகவும் போகிறவனுக்குக் கடைசித் தண்ணீராகவும் இருக்கும் தாமிரபரணித் தண்ணீர் ஒரு பேட்டரிக்கு ஆகாதா என்று கேட்டேன். அவர் புதுப் பேட்டரி வைத்துவிட்டுப் போனார். ஆற்றைப் பற்றி நான் பேசியது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். பேட்டரிக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

கார்த்திகை மழையில் வேறொன்று நடந்தது. சுவிட்சுக்குள் ஈரம் போய்விட்டதால் நான் கையை எடுத்த பிறகும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. பிரேக்கைப் பிடித்தால் முனகிக்கொண்டே ஊர்ந்தது, விட்டால் ஓடியது. சரி, பேட்டரி தீரும்வரை பஜாரைச் சுற்றிக்கொண்டிருப்போம் என்று சுற்ற ஆரம்பித்தேன். மற்ற நாளெல்லாம் முக்குத் திரும்புவதற்குள் தீர்ந்துபோகிற பேட்டரி அன்றைக்கு மட்டும் தீரவே இல்லை. முதல் சுற்றில் அசன் மைதீன் கடையில் இருந்தபடி சலாம் வைத்தார். இரண்டாம் சுற்றில் எழுந்து நின்றார். அடுத்த சுற்றில், "என்ன வே, என் கடைய பிரதட்சணம் பண்ணுதேரா? உள்ள தெய்வம் ஒண்ணும் இல்ல, குத்துவிளக்குதான் இருக்கு" என்றார். கடைசியில் அவர் கடைக்கு முன்னால் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் குடங்களின் மேல் சாய்ந்துதான் வண்டி நின்றது. ஒரு குடமும் உடையவில்லை. தங்கள் வண்டியின் முன்பக்கம் எவ்வளவு பதமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அதன் பிறகு வண்டிக்கும் எனக்கும் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. காலை வெயில் ஏறுவதற்கு முன் ஆற்றுப் பாலத்துக்குப் போவேன். நடுப்பாலத்தில் அது நிற்கும். போகிற வருகிறவர்கள் தள்ளி விடுவார்கள். அப்படித் தள்ளியவர்களில் மூன்று தலைமுறைப் பகையாளியும் உண்டு, என்னிடம் பட்டா மாறுதலுக்கு நடையாய் நடந்தவர்களும் உண்டு. "அன்னைக்கு எங்கள அலையவச்சியள்லா, இன்னைக்கு நாங்க தள்ளுதோம்" என்று சொல்லிக்கொண்டே தள்ளினார்கள். நல்ல மனிதர்கள்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். ஞானசௌந்தரி அம்மாள் போன வியாழக்கிழமை வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். வெள்ளைச் சேலை, கையில் குடை, ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்கிற வழக்கமில்லாதவர்கள். மாப்பிள்ளையின் பட்டறை என் கையில் இருக்கிறது என்பதால் முதல் நாளே சார்ஜரை மாட்டி, பிளக்கின் மேல் திருநீறு பூசி, யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுத்தான் படுத்தேன். காலையில் அம்மாளுக்கு இலை போட்டு இட்லி வைத்தாள் அத்தை. மல்லிகைப் பூ மாதிரி இட்லி. அம்மாள் இன்னும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்த இட்லியைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமையில் தோன்றவில்லை.

வண்டியின் முகப்பில், சார்ஜ் இருக்கிறது என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்கு வண்டியில் உள்ள பாகங்களிலேயே நல்ல குணம் உடையது. யார் மனமும் நோகும்படி ஒருநாளும் சிவப்புக் காட்டியதில்லை. அம்மாள் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்கள். பஜாரைக் கடந்தோம். எல்லோரும் பார்த்தார்கள். பாலத்தில் ஏறினோம். கொஞ்ச தூரத்தில் வண்டியின் வேகம் குறைய ஆரம்பித்தது.

"ஏன் அண்ணாச்சி பைய போவுது?"

"நீங்க ஆத்தப் பாக்கதுக்காகப் பைய ஓட்டுதேம்மா."

நடுப்பாலம் வந்தது. வண்டி நின்றுவிட்டது.

"இப்ப ஏன் நின்னுட்டு?"

"நல்லாப் பாக்கதுக்கு."

அம்மாள் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பொத்தானை அழுத்தினேன், குனிந்து வயரை ஆட்டினேன், முருகா என்றேன். பச்சை விளக்கு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. அப்போது எதிரே, குரும்பூரில் இருந்து ஏரலுக்கு வரும் பஸ் வந்து நின்று, பாலமே அதிரும்படி ஹாரன் அடித்தது. பஸ்ஸின் ஜன்னலில் இருந்து ஒரு தலை நீண்டது. வேறு யாராக இருக்கும்? அசன் மைதீன்தான்.

"என்ன வே, இன்னைக்கும் நடுப்பாலத்துலயா? பரவால்ல, நேத்து நின்ன எடத்த விட நாலடி கூட வந்திருக்கேரு!"

அம்மாள் குடையை மடக்கினார்கள். என் பக்கம் திரும்பி, "இன்னைக்குமா?" என்றார்கள்.

நான் மறுபடியும் பொத்தானை அழுத்தினேன்.

"அண்ணாச்சி, நான் ஆயுசு பூரா நோயாளிக சொல்லுத பொய்யக் கேட்டவ. மாத்திரைய முழுங்கிட்டேம்பாவ, தலகாணிக்கடியில கெடக்கும். ஒங்க மாப்பிள்ள செஞ்சதுங்கத ஒரு நிமிசம் தள்ளி வைங்க. வேற யாரோ செஞ்சு கடையில நிக்கின்னு வைங்க. நீங்க இத வாங்குவியளா?"

மாப்பிள்ளை, முதல் தரமான வண்டி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தங்கள் முகமும் விஜயஸ்ரீயின் முகமும் கண்ணில் வந்தன. ஆனால் அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை. வந்தது வேறு.

"வாங்குவேம்மா. ஏசிக்கிட்டே வாங்குவேன். வாரத்துல பாதி நாள் நின்னுரும். ஹாரன் அடிச்சா ஓடாது, மழ பேஞ்சா நிக்காது. ஒங்கட்ட அதெல்லாம் மறைச்சது தப்புதான். ஆனா இந்த ஆறு எங்க வீட்டுலருந்து கூப்புடு தூரம்மா. ரெண்டு வருசமா நான் பாக்கல. பாக்கணும்னா ரெண்டு பேரு தூக்கிட்டு வரணும். யாருட்டயும் கேக்க எனக்கு வாய் வரல. இப்ப வாரேன். முடிஞ்ச நாளெல்லாம் வாரேன். பாதியில நிக்கேன், அது வேற சங்கதி."

அம்மாள் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்கள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"எங்க இல்லத்துல சாலோமின்னு ஒருத்தி இருக்கா" என்றார்கள். "கட்டில்ல படுத்தா கடல் சத்தம் கேக்கும். ஆனா கடலப் பாத்து வருசக்கணக்காச்சு. நாலு பேரு தூக்கிட்டுப் போறோம் வான்னா, ‘நான் என்ன பொணமா’ன்னு கேப்பா."

அதற்குள் பஸ்ஸில் இருந்து கண்டக்டரும் அசன் மைதீனும் இன்னும் சிலரும் இறங்கி வந்துவிட்டார்கள். நானும் இறங்கப் பார்த்தேன். "நோயாளி எறங்கப்படாது" என்று அம்மாள் என் தோளை அழுத்தி உட்காரவைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பி, தாமும் சேர்ந்து தள்ளினார்கள். இப்படியாக நான் மட்டும் சப்பரத்தில் எழுந்தருளிய சாமிபோல் உட்கார்ந்திருக்க, பின்னால் பஸ் ஊர்ந்துவர, நாங்கள் ஊருக்குள் திரும்பினோம். வெட்கப்பட வேண்டிய நேரம் அது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வீட்டு வாசலில் நின்ற உங்கள் அத்தையின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. "விருந்தாளிக்குப் புளிச்ச மாவுலயா இட்லி அவிக்க முடியும்? ராத்திரி நீங்க ஒறங்குனதும் பிளக்க உருவிட்டு கிரைண்டரப் போட்டேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன்" என்றாள், திருநீற்றைத் துடைத்துவிட்டுக் கிரைண்டரை மாட்டியதுதான் தன் பாவம் என்பதுபோல. அம்மாள் சிரித்துவிட்டார்கள். அவர்களுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"இட்லி நல்லாருந்துச்சு. வண்டி இன்னும் அந்த அளவுக்கு வரல" என்றார்கள். பிறகு காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்கள்: "ஒங்க மாப்பிள்ளட்டச் சொல்லுங்க. மொதல்ல ரெண்டு வண்டி வேணும். ஒண்ணு சாலோமிக்கு. அது அவளக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, தள்ள ஆளில்லாம அதே சார்ஜ்ல திரும்பக் கொண்டுவரணும். வந்துட்டா மிச்சத்துக்கு நானே கோயம்புத்தூர் வாரேன். வரலன்னாலும் வருவேன், ஆனா வேற மாதிரிப் பேசுவேன்."

ஆகவே மாப்பிள்ளை மில் வேலைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன் சிலவற்றைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஹாரனுக்குத் தனியாக ஒரு சின்னப் பேட்டரி வைத்துவிடுங்கள். சுவிட்சுக்கு மழை போகாதபடி ஒரு மூடி போடுங்கள். பச்சை விளக்குக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுங்கள். அது நயமாகப் பேசுவதால் எனக்குப் பிடிக்கும், ஆனால் சாலோமி அம்மாளுக்கு ஆகாது. கரண்ட் மட்டமாக வரும் ஊர்களுக்கென்று சார்ஜரில் ஏதாவது செய்ய முடியுமா பாருங்கள். குறிப்பில் "காய்ச்சி வடித்த நீர்" என்பதை அடித்துவிட்டு, "பேட்டரிக் கடையில் விற்கும் தண்ணீர், சீரகம் கூடாது" என்று எழுதுங்கள். என் வேஷ்டிகளில் சல்லடைபோல் விழுந்திருக்கும் ஓட்டைகளுக்கு எலிதான் காரணம் என்று இத்தனை நாள் பொறி வைத்துக்கொண்டிருந்தோம், பேட்டரியில் இருந்து தெறிக்கும் ஆசிட் என்று இப்போதுதான் தெரிந்தது. அதற்கும் ஒரு தடுப்பு இருந்தால் எலிகளுக்கும் நல்லது.

இவற்றைச் செய்வதற்கு வசதியாக வண்டியை நாளைக் காலை லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். லாரிக்காரர் செந்தூர்பாண்டி விடியற்காலையில் வீட்டு வாசலுக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்திருந்து பழுது பாருங்கள். எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. வண்டி இல்லாமல் இருந்து பழகியவன்தானே நான். வீட்டில் தினமும் இட்லியாவது கிடைக்கும்.

விஜயஸ்ரீக்கு எங்கள் ஆசி. அவள் கையில் கிரீஸ் கறை போகவில்லை என்று எழுதியிருந்தாள். போக வேண்டாம், மாப்பிள்ளை. எங்கள் குடும்பத்தில் இதுவரை எல்லோர் கையிலும் மைக் கறைதான் இருந்தது. தாங்கள் இருவரும் உருட்டும் சக்கரங்கள் எல்லாம் நல்ல இடத்துக்கே போய்ச் சேர, எல்லாச் செல்வங்களும் தங்கள் வாசலில் வந்து நிற்க (வண்டி நிற்பதுபோல் அல்லாமல், நிலையாக நிற்க) வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
தாணுமாலையன்

பின்குறிப்பு: மேலே எழுதியவற்றை எல்லாம் ரத்து செய்துகொள்ளவும். குறைகள் யாவும் தள்ளுபடி. இதைக் குரும்பூரில் ஒரு காப்பிக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்தது இதுதான். விடியற்காலை லாரி வந்தது, ஆனால் எங்கள் தெருவுக்குள் நுழையவில்லை. முக்கில் நிற்கிறேன், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று செந்தூர்பாண்டி சொல்லி அனுப்பினார். லாரி வரைதானே என்று நானே ஏறி உட்கார்ந்தேன். வழியனுப்ப வேண்டாமா என்று உங்கள் அத்தையும் ஏறிக்கொண்டாள். ராத்திரி முழுவதும் கரண்ட் நல்ல வெள்ளையாக வந்திருந்தது போலிருக்கிறது. வண்டி குதிரை மாதிரி புறப்பட்டது. லாரிக்குப் பின்னால் பலகை போட்டுத் தயாராக நின்றார்கள். நான் நிறுத்தத்தான் நினைத்தேன். அத்தை பின்னால் இருந்து, "இவ்வளவு நல்லா ஓடுதத ஏன் நிறுத்துதிய?" என்று கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது. லாரியைக் கடந்து, பஜாரைக் கடந்து, பாலத்தை நிற்காமல் கடந்து, ஹாரனையும் அடித்துப் பார்த்தேன், அடித்துக்கொண்டே ஓடியது, மாப்பிள்ளை! குரும்பூர் வந்த பிறகுதான் சார்ஜ் தீர்ந்தது, அதுவும் காப்பிக் கடைக்கு நேராக. ஆகவே வண்டியில் எந்தப் பழுதும் இல்லை, அதை அனுப்புவதாகவும் இல்லை. ஞானசௌந்தரி அம்மாளுக்கும் இப்படியே ஒன்று செய்து கொடுங்கள். காப்பி நன்றாக இருக்கிறது. எங்களைத் தேடி லாரியும் இப்போதுதான் வந்து நின்றது. செந்தூர்பாண்டி இறங்குகிறார். எங்களைப் பார்த்துவிட்டார். முகம் சரியில்லை. இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.